தாய்மாமன் மடி

அண்ணா,

நேற்று ஓசூரில் ஒரு கிளினிக்கில் என் இடது காதைத் தைத்தார்கள். பேத்தியின் கல்யாணத்துக்குள் கிழிந்த காது சரியாக வேண்டும் என்று என் மகளுக்குப் பிடிவாதம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தபோது, காவேரிப்பட்டினத்துக் கம்பவுண்டர் அன்று துடைத்தபோது வந்த அதே வாசனை. "கனமான கம்மல் போட்டிருந்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் சொல்லிவரும் பதில் அது.

அன்று நான் கிருஷ்ணகிரி கான்வென்ட் விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். விருந்தாளிகள் முன்னால் அப்பா என்னை இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொன்னார். "மூத்தவன் நிக்கிறானே, இவனுக்கு ஒரு வரி வருமா?" என்று உங்களைக் காட்டிச் சிரித்தார். அவர்கள் போனதும் கொல்லையில் என் ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தீர்கள். காது மடல் இரண்டாகப் பிரிந்தது. வீட்டில் எல்லோரும் முதலில் தேடியது ஜிமிக்கியின் திருகாணியைத்தான்.

"ஆம்பளப் புள்ள, வெளையாட்டுல கை பட்டுடுச்சி. யாரு கேட்டாலும் கம்மல் கனம்னு சொல்லு" என்றார் அம்மா.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. தண்ணீர்த் தொட்டியில் என் தலையை அமுக்கிப் பிடித்தது, இருட்டறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டது. எல்லாமே விளையாட்டுக் கணக்கில் போயிற்று. அப்பா உங்களை அவமானப்படுத்தினார், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அவர் காதையல்லவா நீங்கள் பிடித்து இழுத்திருக்க வேண்டும்?

கல்யாணமான பிறகு உங்களை "வாங்க, உக்காருங்க" என்றுதான் உபசரித்தேன். கான்வென்ட் படிப்பு கொடுத்த மரியாதை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நீங்கள் என் பக்கத்தில் வராமலிருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

மகளுக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பாகலூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்தீர்கள். பிள்ளையைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"குடும்மா. காத அத்து எடுத்துட மாட்டேன்!" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாத என் கணவரும் சிரித்தார். நீங்கள் மறக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா என்னை முறைத்தார். கொடுத்தேன்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் உங்கள் உள்ளங்கையால் அவள் கண்ணை மூடினீர்கள். குத்தியதும் குனிந்து காதில் ஊதினீர்கள். "அழாதடா கண்ணு, மாமா இருக்கேன்ல" என்றபோது உங்கள் கண்ணிலும் தண்ணீர். அதுவரை உங்களுக்கு முரட்டுத்தனம் மட்டும்தான் தெரியும் என்று நினைத்து மன்னித்திருந்தேன். அன்று அந்த மன்னிப்பும் போயிற்று. மென்மையாகத் தொட உங்களுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் வேண்டாம் என்று இருந்திருக்கிறீர்கள்.

போன மாதம் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது என் மகள் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"கூடப் பொறந்தவர்தானேம்மா, உனக்கு ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் வரல?" என்று பிறகு கேட்டாள்.

அவளுடைய மாமாவை அவளிடமிருந்து பறிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்காக அல்ல. ஆனால் உங்களை நினைத்து அவள் விசும்பும்போதெல்லாம், பெற்ற மகள் மேலேயே எனக்குப் பொறாமை வருகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.