ஆறு மணி, ஏழு நாற்பது

ஜூன் 2, ஞாயிறு

தம்பி செயலாளராக இருக்கும், குகைகளுக்குள் இறங்கிப் பார்க்கும் குழுவில் ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவர்கள், வெளியே வரும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த நிமிடம் தாண்டினால் அவர் மீட்புப் படையை அழைக்க வேண்டும்; காத்திருக்கக் கூடாது. விதியை எழுதியவன் தம்பி. அந்த ஒருவர், பத்திரிகைக்காரனான நான்.

இன்று ஆறு மணி என்றான். ஆறு ஒன்றுக்கு அழைத்தேன். மீட்பு வண்டி போனபோது தம்பியும் கூடப் போனவர்களும், ஒரு குகையின் சேறு அடுத்த குகைக்குப் போகக் கூடாதென்று வாசலில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

ஜூன் 3

குழுவில் எனக்குப் புதுப் பெயர்: சைரன்.

"ஏண்ணே, இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தா உன் பேப்பர் நின்னுடுமா?" என்றான் தம்பி.

"மாமா சாப்பாட்டுக்கே டெட்லைன் வைக்கிற ஆளு," என்றாள் அவன் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலை 14, ஞாயிறு

தம்பியோடு சேர்த்து மூன்று பேர், ஆறு மணி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வௌவால்கள் குட்டி போடும் பருவம் என்பதால் மேல் அறையை விட்டுவிட்டு, கீழே ஓடைப் பாதை. நான்கு மணிக்கு மழை. ஆறு ஆயிற்று. பூட்ஸ் கழுவுவார்கள் என்று நினைத்தேன். ஏழு பத்துக்குப் போனை எடுத்தேன், வைத்தேன். ஏழு நாற்பதுக்கு அழைத்தேன்.

ஜூலை 15

இரண்டு பேர் பிழைத்தார்கள். தம்பி இல்லை. கழுத்தளவு நீரில், குளிரில் விறைத்து —

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் மீட்புப் படை மருத்துவர்.

தம்பி மனைவி நேற்று மாலை வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாள். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்க மாமா?"

"ஆறுக்கு."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு செய்தியிலும் நேரத்தைத் தவறாகப் போட்டதில்லை.

ஜூலை 22

குழுத் தலைவர் வந்தார். பல் டாக்டர். ஒவ்வொரு விபத்துக்கும் நிமிட வாரியாக அறிக்கை எழுதி எல்லோர் முன்னும் படிப்பது அவர்கள் வழக்கம்.

"ஆறுன்னே போடுங்களேன்," என்றேன்.

"மீட்புப் படை ரெஜிஸ்டர்ல ஏழு நாப்பதுன்னு இருக்கு சார். மாத்தினா அடுத்தவனும் சாவான்."

ஆகஸ்ட் 4

தலைவர் அறிக்கையைப் படித்தார். சைரன் என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள்.

வாசலில் கேட்டாள்: "நாங்க சிரிச்சதுக்கா மாமா? அதுக்கா நூறு நிமிஷம்?"

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 6

பத்திரிகையில் எழுதச் சொன்னவள் அவள்தான். விதி, மழை, நேரம், எதையும் விடாமல். அனுப்புமுன் தனக்குக் காட்ட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 9

பிரதி திரும்பி வந்தது. ஒரே ஒரு திருத்தம். 'தகவல் தரத் தாமதித்த உறவினர்' என்று எழுதியிருந்தேன். 'உறவினர்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறாள்.

அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.