பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால்

என் செல்ல மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால், வாயைத் திறந்தாலே எனக்கு வேடிக்கைக் கதைதான் வருகிறது. அதனால் இதை எழுதி, மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படம்பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன்.

பிஸ்கட் கம்பெனியில் நான் இல்லாவிட்டால் அடுப்பே சூடேறாது, உனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் எனக்கு மட்டும் ஒரு பை உடைசல் பிஸ்கட் தருவார்கள். சரி, எல்லோருக்கும்தான். என் பை பெரிசு. அது நேராக உன் அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் போய் உட்காரும். ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் பாதிப் பை காலி. சர்க்கரை வியாதிக்காரிக்கு இதைக் கொடுக்கலாமா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். உடைந்த பிஸ்கட்டில் இனிப்பெல்லாம் ஆவியாகிவிடும், அடுப்படியில் நின்று பார்த்தவன் நான் என்று ஒரே போடாகப் போட்டேன். உன் அம்மா பெருமையாகத் தலையாட்டினாள்.

பரிசோதனை விஷயத்திலும் மூளை என்னுடையதுதான். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதே அவளுக்கு வெந்நீரும் வெள்ளரிக்காயும் மட்டும். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் வெரிகுட் என்பார். "பாஸ் பண்ணிட்டேண்ணே" என்று அவள் திரும்பும் வழியிலேயே பேக்கரிக்குள் நுழைவாள். நாலு வருஷம் இப்படி. தெருவில் மூன்று பேருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தேன்.

போன மாதம் மிஷினடியில் கிடந்த தையல் ஊசி அவள் வலது காலில் ஏறிவிட்டது. இரண்டு நாள் அதோடேயே மிதித்துத் தைத்திருக்கிறாள். வலியே தெரியவில்லையாம். இரும்புக்கால் என்று நான்கூட மெச்சினேன். புது டாக்டர் வேறு ஒரு பரிசோதனை எழுதினார். பன்னிரண்டு என்று வந்தது. ஏழே அவளுக்கு அதிகமாம். "ரெண்டு நாள் பட்டினியெல்லாம் இதுல செல்லாதுங்க, மூணு மாசமா சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு காட்டிரும். கால் மரத்துப்போனதும் இதனாலதான்" என்றார். கையிலிருந்த உடைசல் பிஸ்கட் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். நான்!

ஊசி ஏறிய இடம் சீழ்பிடித்து, கால் பெருவிரலும் அடுத்ததும் கறுத்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கணுக்கால் வரை போய்விடும் என்கிறார். உன் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயங்கி விழுந்துவிடுவீர்கள் என்று நர்ஸம்மா கத்துகிறார். இவளோ என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். "நீ சும்மா இருண்ணே, ரெண்டு நாள் வயித்தைக் கட்டினா டாக்டர் பேச்சு மாறிடும். நீதானே சொல்லிக்கொடுத்தே!"

அது பித்தலாட்டம், தங்கச்சி என்று கையைப் பிடித்துச் சொன்னேன். உனக்கு எப்பவும் விளையாட்டுதான் என்று சிரிக்கிறாள். நான் அளந்ததையெல்லாம் நம்பினவள், இதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நீ சொல்லு, தாயே. மாமன் சொன்னது அத்தனையும் தப்பு என்று சொல்லு. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். இன்றைக்குப் புதன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடியில்லாமல் நூறு வயசு இரு. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவளைப் போனில் கூப்பிடு. அவள் முன்னால் சாப்பாட்டுத் தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது.

உன் மாமன்