மகன் கொடுத்த இரத்தம்

மகன் இரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்றிலிருந்து ஸ்பிரிட் வாசம் என் மூக்கை விட்டுப் போகவில்லை. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "அது அப்பாட எலும்புதானா எண்டு இனித் தெரிஞ்சிரும் அம்மா" என்றான்.

நீங்களும் நானும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலும் இதே வாசம்தான். ஊர் என்னை மலடி என்றது. குறை உங்களிடம் என்று டாக்டர் சொன்னதை நாம் வெளியே விடவில்லை. தெரிந்திருந்தால், வட்டையில் வயல் வேலைக்குப் போகிற வழியெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். யாரென்றே தெரியாத ஒருவரின் விந்தை வைத்துப் பிள்ளை பெறலாம் என்றபோது நான்தான் அழுதேன். திரும்பி வரும் பஸ்ஸில் மெல்லச் சொன்னீர்கள்: "நம்மட பக்கம் புள்ளைக்குத் தாய்ட குடிதானே, தாய்ட வம்சம்தானே. எண்ட பக்கத்தால என்ன போகப்போகுது? அப்பா எண்டு கூப்பிட ஒரு வாய் போதும் புள்ள."

மண்டூரிலிருந்து உங்கள் அக்கா வந்து தொட்டிலுக்குள் பார்த்து, "எண்ட தம்பிட மூக்கு அப்படியே கிடக்கு" என்பா. நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிழிந்த வலையைக் குனிந்து பொத்துவீர்கள்.

அந்த வாய் உங்களைக் கொஞ்சக் காலம்தான் கூப்பிட்டது. மீன்பிடிக்க வாவிக்குக் கிளம்பிய ஒரு காலை, ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்து, நீலச் சட்டையோடு உங்களை ஏற்றிப் போனார்கள்.

இத்தனை காலத்துக்குப் பிறகு, தோண்டியெடுத்த எலும்புகளோடு கிடந்த சட்டைத் துண்டைக் காட்டினார்கள். பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. நீல நூல் முடிந்துபோய் நான் தைத்தது. உங்களுடையதுதான் என்றேன். மகனின் இரத்தமும் பொருந்த வேண்டும் என்றார்கள். அக்காவின் இரத்தத்தை எடுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மகன் இருக்க அக்கா எதற்கு என்று கேட்டால்? பாவி நான், மகனையே அனுப்பிவைத்தேன்.

நேற்று முடிவு வந்தது. மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "பொருந்தல்லயாம் அம்மா. பச்சை நூல் ஆரும்தான் தைப்பாங்க. அப்பா எங்கயோ உசிரோட இருக்கார்." அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஓம் மகன் என்றேன்.

உங்களை யாருமில்லாதவராக ஒரு பெட்டிக்குள் விட்டுவிட்டு, இன்று காலையும் பொட்டு வைத்துக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.