இண்டூர் ஸ்டேஷன் பெஞ்சு

இன்று காலையில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். புட்டியைத் திறந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மற்ற வீடுகளில் புருஷன் வாசனை என்றால் விபூதியாக இருக்கும், பீடியாக இருக்கும். எனக்கு வாய்த்தது மிஷின் எண்ணெய். என்னைக் கேட்காமல் எடுத்துப் போய், அந்தப் பொம்மை ரயில் எஞ்சின்களின் சக்கரத்துக்குச் சொட்டு சொட்டாக விட்டுவிட்டு, காலிப் புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவீர்கள். பொம்மை என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "பொம்மைன்னு சொல்லாத, மாடல்" என்பீர்கள். இப்போது யார் திருத்தப் போகிறார்கள்? பொம்மை என்றே எழுதுகிறேன். தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரியமாக எழுதப் போகிறேன் என்று நினைக்காதீர்கள்.

நம் உரக்கடைக்கு ஸ்ப்ரேயர் ஸ்பேர் வாங்கப் போவதாகச் சொல்லித் தருமபுரியில் ரயில் ஏறுவீர்கள். பெங்களூரில் இறங்கியதும் கால் போகிற இடம் வேறு. சந்துக்குள் துணிக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டிய அந்த ரயில் கடை. அங்கே கண்ணாடி மேசையின்மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருக்கும். வாங்குகிற எஞ்சினை அதில் ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார்கள். நீங்கள் வாங்காத எஞ்சினையும் ஓட்டிப் பார்ப்பீர்கள். கடைக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லமாட்டார். நம் ஊர்க் கன்னடத்தில் நீங்கள் பேச, பெங்களூர்த் தமிழில் அவர் பேச, கூட வந்த நாட்களில் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கொட்டாவி விடுவேன்.

சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? என் தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் உங்களைக் காணவில்லை. என் அண்ணன் மண்டபம் முழுக்கத் தேடினார். கடைசிப் பந்திக்கு வேர்த்து வழிய வந்து சேர்ந்தீர்கள். தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு ஒரு கூட்ஸ் பெட்டி. அந்த ஊரில் எந்தத் தெருவில் ரயில் கடை இருக்கிறது என்று எப்படித்தான் மோப்பம் பிடித்தீர்களோ. தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நம் இண்டூருக்கு ரயில் கிடையாது. உங்கள் மேசைக்கு வந்தது. நீங்களே செய்த குட்டி ஸ்டேஷன், ராகிக் காடு, புளியமரம், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'இண்டூர்' என்று ஊர்ப்பேர். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆட்களை மட்டும் பாக்கெட்டில் வாங்கி வந்தீர்கள். எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். அதில் ஒருத்தியின் தொப்பியைச் சுரண்டி எடுத்து, கோட்டின்மேல் பச்சை பெயின்ட் அடித்துப் புடவையாக்கி, பெஞ்சில் ஒட்டி வைத்தீர்கள். யார் இது என்று கேட்டேன்.

"வேற யாரு, நீதான்."

"நிக்க வெக்கக் கூடாதா? எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க?"

"நீ எப்பவும் எனக்காகக் காத்துகிட்டுதான இருக்கற."

அன்றைக்குச் சிரித்தேன். உங்கள் பொம்மை எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த தடவை பெங்களூர் போகும்போது தோதாக ஒரு ஆளைப் பார்த்து வாங்கி வருவதாகச் சொன்னீர்கள்.

அதற்குள் உங்களுக்குச் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. தருமபுரி டாக்டரிடம் தனியாகப் போனீர்கள். வந்து, வெறும் புண்தான், பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டச் சொன்னார்கள் என்றீர்கள். நானும் நம்பினேன். கிளம்பிப் போனால் முதலில் ரயில் கடை. "ஆஸ்பத்திரி எங்க போயிடப் போவுது? கடையத்தான் மத்தியானம் சாத்திடுவாங்க" என்றீர்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் போனபோதும் முதலில் ரயில் கடைதான்.

அந்த இரண்டாம் தடவை நடந்ததுதான் என் வயிற்றை எரிக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் என் கையில் பணத்தைக் கொடுத்தீர்கள். "கீழ லைனிங் துணி நல்லா இருக்குது. அவசரமில்ல, பொறுமையா பாத்து எடு" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நீங்கள் சொல்லாத வார்த்தை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சந்தன நிறமா, இளம்பச்சையா என்று ஒவ்வொரு கட்டாக இறக்கச் சொல்லிப் பார்த்தேன். திரும்பி மேலே வந்தபோது எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்களும் பேசவில்லை, கடைக்காரரும் பேசவில்லை. நான் துணியைக் காட்டினேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னீர்கள். "நேரமாயிடுச்சு, இன்னொரு நாளைக்கு வரலாம். வூட்டுக்குப் போலாம் வா" என்று கிளப்பிவிட்டீர்கள்.

கஞ்சியும் இறங்காமல் போன பிறகுதான் கார் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். "இவ்வளவு நாள் வீட்டுல வெச்சுகிட்டு என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீங்கள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து, எஞ்சின்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். வேண்டியவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாருக்கு அப்பவே தெரியும்மா. ஊர் டாக்டரே கேன்சர்னு சொல்லிட்டாராம். இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னாரு."

எப்போது என்று கேட்டேன்.

"நீங்க துணி வாங்கக் கீழ போயிருந்தீங்களே, அப்போ."

நான் உட்கார்ந்து கொட்டாவி விட்ட அதே ஸ்டூல். என் முன்னால் ஒரு நாளாவது கண் கலங்கியிருக்கிறீர்களா? உங்கள் அம்மா செத்த அன்றைக்குக்கூடப் பந்தல்காரனோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தீர்கள். சேர்த்து வைத்திருந்த அழுகையை ஒரு மூன்றாம் மனிதருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு லைனிங் துணி வாங்கிக் கொடுத்தீர்கள். நான் தாங்கமாட்டேன் என்றுதான் மறைத்திருப்பீர்கள், அது உங்கள் பிரியம் என்று தங்கை சொல்கிறாள். சொல்பவர்களுக்கு என்ன? தாங்கினேனா இல்லையா என்று இப்போது வந்து பாருங்கள். ஒருவேளை முதல் தடவையே காட்டியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டீர்களோ என்னவோ. அது எனக்குத் தெரியாது. தெரியாமலே மிச்ச நாளை ஓட்டும்படி விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

ஸ்டேஷன், பலகை, புளியமரம் எல்லாவற்றையும் பிறகு கடைக்காரரே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். பெஞ்சை மட்டும் நான் பெயர்த்து எடுத்து வைத்துக்கொண்டேன். என்னை அந்தக் கடையில் எதற்கு விட வேண்டும்? மிஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குள் கிடக்கிறது. நூல் மாற்றும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். பச்சை பெயின்ட் உரிந்து, உள்ளே வெள்ளைக்காரியின் நீலக் கோட்டு தெரிகிறது.

எண்ணெய் விட்ட கையோடு இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கவனிக்கவில்லை, அவளை நீங்கள் நடுவில் ஒட்டவில்லை. ஒரு ஓரமாக ஒட்டியிருக்கிறீர்கள். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. வந்து உட்கார்ந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருப்போம்.