மழை பெய்தால் பதினொரு பேர்

இன்று மாலை கருங்கல் சந்தை முக்கில், என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒட்டுப்பால் ஏற்றிய டெம்போ ஒன்று நெரிசலில் மாட்டி நின்றது. ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பாலைச் சுரண்டி மூட்டை கட்டினால் வருமே, அந்தப் புளித்த நாற்றம். பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன்.

உன் பூட்ஸ் பை இப்படித்தான் நாறும். ஒருநாள் பஸ்ஸில் நம் கோல்கீப்பர் அதை எடுத்து ஜன்னலோரம் தள்ளியபோது, "ஏட்டி, உனக்க பூட்ஸ் மட்டும் என்ன, பிச்சிப்பூவா மணக்கு?" என்று கேட்டாய். கண்டக்டர்கூடச் சிரித்தார்.

நம் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணியில் சரியாகப் பதினொரு பேர்தான் இருந்தோம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் பத்து பேர். நான் கேப்டன், நடுவில் ஆடுவேன். எனக்குப் பின்னால் ஸ்டாப்பராக நீ. உன்னைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். இரண்டாம் ஆண்டில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி தொடங்க ஒரு வாரம் இருந்தபோது, உன் அம்மா சரிவில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கீரிப்பாறைக்கு மேலே ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் அவருக்குப் பால்வெட்டு வேலை, அதுவும் தற்காலிகம். அவருடைய மரங்கள் நாலு நாள் சும்மா நின்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். தோட்டத்து வீடும் கூடவே போய்விடும். அப்பா உயிரோடு இல்லை. நீதான் கத்தியை எடுத்துக்கொண்டாய்.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. நனைந்த பட்டையில் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். அதனால் மழை நாளில் மட்டும் நீ வந்தாய். முதல் ஆட்டத்தன்று கொட்டியது, வந்தாய், ஜெயித்தோம். கால் இறுதியன்றும் அப்படியே. நம் கல்லூரி அதுவரை அரையிறுதியைக் கண்டதில்லை. அதற்கு முந்தின நாள் பி.டி. மேடம் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "நாளைக்குப் பெய்யுமா மக்கா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நேராக எஸ்டேட் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெய்யாவிட்டால், இரண்டு பேராகச் செய்து சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைத்தேன்.

விடிந்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆட்டம் பதினொரு மணிக்கு, நாகர்கோவிலில்.

"எனக்கும் ஒரு கத்தி தா" என்றேன்.

"ஆழமாப் போட்டியானா மரத்துக்குக் காயம்பட்டிரும். நீ சிரட்டைய மட்டும் நிமித்தி வையி."

நான் முன்னால் போய்ச் சிரட்டைகளை நிமிர்த்தினேன். நீ பின்னால் வெட்டிக்கொண்டே வந்தாய், மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாக. எட்டு மணிக்கு வெட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பால் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"இப்பமே எடுத்தா என்ன?"

"பாதி கூட இறங்கியிருக்காது. அளவு கொறஞ்சா கேப்பாவ."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணிக்கூரு ஆவும்." நீ ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டாய். "மரத்த வெரட்ட முடியுமா? நீ போ மக்கா, பஸ்ஸு போயிரும்."

பையை எடுக்க வீட்டுக்கு வந்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த உன் அம்மா, "எனக்க காலு ஒடியதுக்கு ஒரு நேரம் பாத்தியா" என்றார். பஸ்ஸுக்கு ஓடினேன்.

பத்து பேரோடு இறங்கினோம். உன் இடத்துக்கு லெஃப்ட் பேக்கை நகர்த்தச் சொன்னார் மேடம். நான் கேட்கவில்லை. இடைவேளைக்குள் எப்படியும் வந்துவிடுவாய் என்று அந்த இடத்தைத் திறந்தே வைத்திருந்தேன். மூன்று கோல். மூன்றும் அந்த வழியாகத்தான் போயின. ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி ஓடினேன், ஒவ்வொரு முறையும் பந்து எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

நாங்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுக்குள் ஓடி வந்தாய். பஸ்ஸிலேயே பூட்ஸ் மாட்டி, லேஸும் கட்டியிருந்தாய்.

"எத்தன?"

"மூணு."

"நம்ம?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாய். "போட்டும். அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். அடுத்த வருடம் நீ கல்லூரியிலேயே இல்லை. அம்மாவின் கால் கோணலாகவே கூடியது. அந்த மரங்கள் உன்னுடையவை ஆகிவிட்டன.

வருடங்கள் கழித்து மார்பில் கட்டி வந்தபோது நீ எவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது அது முதுகெலும்புவரை போயிருந்தது. ஸ்கேன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு மூன்று டாக்டர்களிடம் அலைந்தேன். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். நான்காவது ஒருவரைப் பார்க்கக் கிளம்பியபோது என் கையைப் பிடித்து, "எதுக்குட்டி கெடந்து ஓடுக? செத்த நேரம் எனக்க கூட இரி" என்றாய். இருந்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். கட்டன் சாயா போட்டுத் தருவார். குடித்து முடிப்பதற்குள் எப்படியும் அதைக் கேட்டுவிடுவார்.

"மக்கா, அன்னைக்கு அவ வந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பியளா?"

"இல்லம்மா. அவ நின்னிருந்தாலும் தோத்துதான் இருப்போம். அவிய பெரிய டீமு."

"அப்பம் எனக்க காலுனால இல்ல."

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் அவர் முகம் தெளிந்திருக்கும். நீ நின்றிருந்தால் அந்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போயிருக்காது. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவரைத் தேற்ற எனக்கு வேறு வழி தெரியாமல், உன் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு வருகிறேன். அடுத்த மாதமும் அவர் கேட்பார். நான் அதையேதான் சொல்வேன்.