கடப்பாரைக்காரனுக்குப் பின்னால் நின்றவர்கள்

பிப்ரவரி 9

இன்று பதினொரு முறை செத்தேன். தீ விபத்துப் படம். ஏழு முறை எரிந்து, மூன்று முறை மிதிபட்டு, ஒரு முறை ஜன்னலிலிருந்து குதித்து. கடைசி அலறலுக்கு சவுண்ட் இன்ஜினியர், "கொஞ்சம் நீட்டுங்கக்கா, ஆறு மாடிக் கட்டடம்" என்றார். நீட்டினேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் குரல் தகரம் மாதிரிதான் இருக்கிறது.

பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. சினிமாவில் முகம் தெரியாமல் கத்துகிற கூட்டத்தில் பாதிக் குரல் என்னுடையது. ஸ்டூடியோவில் எனக்குப் பெயரே அலறல் அக்காதான். வீட்டில் இருப்பது அண்ணன் ஒருவன், அவனுக்கு நான் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நாலு லிஃப்டும் துரை கைபட்டால் ஓடுமாம். வீட்டுக் குழாய்க்கு மட்டும் நேரமில்லை.

டப்பிங் ஏஜென்ட் போன் செய்தார். "அடுத்தது வெள்ளப் படம்மா. உனக்கு நல்ல தீனி!"

வெள்ளம். போயும் போயும்.

பிப்ரவரி 12

படத்தில் இருபது நிமிடத்தை ஓட்டிக் காட்டினார்கள். மொட்டை மாடியில் மக்கள். கதைப்படி முதல் மணி நேரம் அழுகிறார்கள், இரண்டாவதில் தள்ளிக்கொள்கிறார்கள், மூன்றாவதில் ஒரு பாட்டில் தண்ணீருக்காக ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தை நெரிக்கிறான். சரி, சினிமா. இதைவிடக் கேவலத்துக்கெல்லாம் கத்தியிருக்கிறேன்.

அப்புறம் வில்லன் வந்தான். வாயில் தீக்குச்சி, சிவந்த கண், தோளில் கடப்பாரை. இடுப்பளவுத் தண்ணீரில் போய் மருந்துக் கடை ஷட்டரை உடைக்கிறான். பால்பவுடரை மாடிக்குக் கொண்டுவந்து, ஒரு டப்பாவுக்கு ஒரு செயின் என்று விற்கிறான்.

பச்சை ஷட்டர். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும் பலகை. தலையில் துண்டு. எல்லாம் அந்த போட்டோ. மூன்று வருடம் முன்பு பத்திரிகையில் வந்தது, ‘வெள்ளத்திலும் கொள்ளை’ என்று கொட்டை எழுத்தில். அந்த போட்டோவில் இருந்தவன் என் அண்ணன்.

டைரக்டருக்கு முப்பது வயதிருக்கும், மரியாதையாகத்தான் பேசுகிறார். "அவன் ஷட்டர உடைக்கும்போது பின்னாடி நிக்கிற மொத்தக் கூட்டமும் ‘திருடன்! திருடன்!’னு கத்தணும்க்கா. அந்தச் சத்தத்துலதான் அவன் யாருன்னு ஆடியன்ஸுக்குப் புரியும்."

"கத்தலைன்னா?"

"கத்தலைன்னா, சும்மா ஒருத்தன் ஒரு கடைய உடைக்கிறான். அவ்வளவுதான்."

தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13

அண்ணனிடம் சொல்லவில்லை. குழாயைச் சரிசெய்துவிட்டான். இன்றைக்குப் பார்த்தா செய்யணும்?

பிப்ரவரி 15

எழுதி வைத்துவிடுகிறேன். யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும்.

அன்று காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. மழைத்தண்ணீர் இல்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். ஒரு மணி நேரத்தில் நாங்கள் அப்போது இருந்த அடுக்குமாடியின் தரைத்தளம் போய்விட்டது. மொட்டை மாடியில் நாற்பத்தொரு பேர், இரண்டு நாள்.

யாரும் அலறவில்லை. பத்தொன்பது வருடம் அலறிச் சாப்பிடுகிறவள், நானே அலறவில்லை. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். யார் வந்தாச்சு, யார் வரல, இந்தப் பக்கம் ஈரமில்ல, இங்க உக்காருங்க. இரண்டாம் நாள் காலை தரைத்தளத்து டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. அவருடைய இன்சுலின் தண்ணீரோடு போயிருந்தது. இரண்டு கைக்குழந்தைகளுக்குப் பால் இல்லை. அண்ணன்தான் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொண்டவன். லிஃப்ட் அறையிலிருந்து கடப்பாரையை எடுத்தான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஒன்பது பேர் தண்ணீரில் நின்றார்கள். இன்சுலினும் பால்பவுடரும் கை மாறிக் கை மாறி மாடிக்கு வந்தன.

பத்திரிகைக்காரர்கள் படகிலிருந்து எடுத்த போட்டோவில் அண்ணன் மட்டும் இருந்தான். பின்னால் நின்ற ஒன்பது பேரையும் வெட்டிவிட்டார்கள். லிஃப்ட் கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. டீச்சரம்மா நாலு பக்கம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார், போடவில்லை. ஆஸ்பத்திரி வேலை கிடைத்து பத்து மாதம்தான் ஆகிறது. அங்கே யாருக்கும் இது தெரியாது. கடப்பாரை சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் முழுக்க என் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் அம்மா உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவது போல் நடித்தேன். என் கண் சிவக்கவில்லை, வாயில் தீக்குச்சி இல்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். மறுநாள் விடிந்ததும் தாங்க முடியாமல் எடுத்து நீட்டினேன். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. மறைச்சு வெச்சிருந்தேன்."

ஒருத்தர்கூடத் திட்டவில்லை. அந்த மூச்சிரைப்பிலும் டீச்சரம்மா சொன்னார், "மூடியில ஊத்துங்க. ஆளுக்கு ஒரு மூடி." நாற்பத்தொரு பேருக்கும் மூன்று சுற்று வந்தது. எனக்கும் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 18

பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அண்ணன் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னை விட உயரமா இருக்கான்டி. மீசையும் நல்லாருக்கு."

"சிரிக்காதண்ணா."

"பின்ன என்ன, அழச் சொல்றியா?" சாப்பிட உட்கார்ந்தான். தட்டில் கை வைக்கவே இல்லை. "ஆஸ்பத்திரியில எல்லாரும் சினிமாப் பைத்தியம்" என்றான். "அந்தப் பழைய போட்டோவ எவனாவது தோண்டி எடுப்பான். மறுபடியும் முதல்லேருந்து வேலை தேட எனக்குத் தெம்பில்ல."

அந்த டைரக்டரை நேரில் பார்த்துக் கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 20

டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும்.

"புரியுதுக்கா. ஆனா படத்துக்கு ஒரு கெட்டவன் வேணும். தண்ணிய வில்லனாக் காட்ட முடியாது."

"தண்ணியத் திறந்து விட்டவங்கள காட்டுங்க."

"அதத் தொட்டா படமே வெளிய வராது."

"அப்போ என்னைப் போடுங்க. பாட்டில ஒளிச்சு வெச்சவ நான்."

"அது ரொம்பச் சின்ன விஷயம்க்கா. அதுல டிராமா இல்ல. ஆபத்துல மனுஷன் மிருகமாயிடறான், அதத்தான் நான் சொல்ல வர்றேன்."

"வெள்ளத்தப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"வெளிநாட்டுல. படிச்சிட்டிருந்தேன்."

என்னத்தப் படிச்சாரோ. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அது காற்றழுத்தக் கதவு, சத்தமே வரவில்லை. சனியன்.

பிப்ரவரி 21

வேலையை விட்டுவிடலாமா? விட்டால் வேறு யாராவது வந்து கத்திவிட்டுப் போவார்கள். விட மாட்டேன்.

பிப்ரவரி 24

செய்துவிட்டோம்!

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஹீரோவுக்கு வசனம் எழுத ஆள் இருக்கிறது, வில்லனுக்கு இருக்கிறது, வில்லனின் நாய்க்குக்கூட இரண்டு குரைப்பு எழுதி வருகிறது. கூட்டத்துக்கு யாரும் எழுதுவதில்லை. ஐந்து பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவோம். ஐந்தை ஐம்பதாக்குவது இன்ஜினியர் வேலை. காட்சியில் எல்லாரும் முதுகு காட்டி நிற்பதால் வாயசைவுத் தொல்லையும் இல்லை.

டீ இடைவேளையில் நாலு பேரிடமும் அண்ணன் கதையைச் சொன்னேன். பாட்டிலையும் சொன்னேன். சிட்டு (ஐம்பது வயதாகிறது, இன்னும் குழந்தைக் குரலெல்லாம் அவள்தான்) மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் அந்தப் பாப்பாவாப் பேசறேன்" என்றாள். கட்டைக்குரல் அண்ணாச்சி பெரிய யோசனைக்குப் பிறகு, "டைரக்டர் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் இருக்கு" என்றார்.

பதிவு விளக்கு சிவந்தது. திரையில் கடப்பாரை ஓங்கியது. நாங்கள் பேசினோம்.

"பாத்து, கண்ணாடி கெடக்கு!"

"கயித்த விடாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்."

"இன்சுலின் முதல்ல."

"டீச்சரம்மா, கொஞ்சம் பொறுங்க, வந்துட்டாங்க."

"அம்மா, பால் வருதாம்மா?" இது சிட்டு. நான் அழுதுவிட்டேன். அழுகையும் பதிவாகியிருக்கும்.

இன்ஜினியர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றி எங்களைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "கட்டைக்குரல் மைக்குக்குக் கிட்ட வாங்க. இன்னொரு டேக்."

பிப்ரவரி 27

மிக்ஸிங்கில் டைரக்டர் கேட்டுவிட்டார். கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரு எழுதுன வசனம் இது?"

"யாரும் எழுதல. அன்னிக்குச் சொன்னது."

"அழிச்சிருவேன்க்கா. வேற ஆளுங்கள வெச்சு எடுத்துப்பேன்."

"அழிங்க. என் வாயில ‘திருடன்’ வராது. உங்களால ஆனதப் பாருங்க."

சாயந்திரம் ஏஜென்ட் போன். இனி எனக்கு வேலை கிடையாதாம். பத்தொன்பது வருடத்துக்கு அரை நிமிடம் பேசினார்.

மார்ச் 1

வீட்டில் இருந்தேன். அண்ணன் டீ போட்டுக் கொடுத்தான். சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. நல்லாருக்கு என்றேன்.

மார்ச் 6

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. சிட்டு வந்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது குழுவை வரவழைத்தாராம் டைரக்டர். கூட்டக் குரல் கொடுக்கிறவர்கள் இந்த ஊரில் மொத்தமே நாற்பது பேர், அதில் பாதிப் பேருக்கு நான்தான் கத்தக் கற்றுக்கொடுத்தேன். விளக்கு சிவந்ததும் அவர்கள், "பாத்து, கண்ணாடி கெடக்கு!" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நிறுத்தி, ‘திருடன்’ என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்தாராம். ஒரே சுரத்தில், காய்கறிப் பட்டியல் படிப்பது போலப் படித்தார்களாம். மூன்றாவது குழு வெளியூரிலிருந்து வந்தது. டீக்கடையில் கட்டைக்குரல் அண்ணாச்சி காத்திருந்தாராம். கதையைக் கேட்டு டீ குடித்து முடிக்கும்போது அவர்களுக்கும் தொண்டை கட்டிவிட்டது!

"பழைய கூட்டச் சத்தம் ஏதாவது எடுத்துப் போடுங்க" என்று டைரக்டர் கத்த, இன்ஜினியர் நிதானமாகச் சொன்னாராம்: "இருக்கு சார். ஆனா இங்க இருக்கிற கூட்டச் சத்தம் எல்லாத்துலயும் அலறல் அக்காதான் கத்துறாங்க. அவங்களக் கேக்காமப் போட்டா சங்கத்துல எழுதிக் குடுத்துருவாங்க."

எழுதிக் கொடுத்திருப்பேன். சத்தியமாக.

மார்ச் 10

எங்கள் பதிவையும் அழித்துவிட்டார்கள். ரிலீஸ் தேதி நெருங்கிவிட்டதாம். சிட்டுவின் ‘பால் வருதாம்மா’ போய்விட்டது. என் அழுகை போய்விட்டது. அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று இன்ஜினியரைக் கேட்டேன். "படத்துல பாத்துக்கோங்க" என்றார். ஜெயித்தேனா, தோற்றேனா? தெரியவில்லை. ஆனால் ஒருத்தர் காலிலும் விழவில்லை.

ஏப்ரல் 5

அண்ணனைப் பகல் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றான். "ஒளிஞ்சிக்கிட்டுக் கிடந்தா அவங்க சொன்னது உண்மையாயிடும், எழுந்திரு" என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தொப்பி வேறு போட்டிருந்தான், இருட்டில்.

ஷட்டர் காட்சி வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குக் குரலே இல்லை. எதைப் போட்டும் ஒட்டாமல் இன்ஜினியர் வெறும் தண்ணீரை வைத்திருக்கிறார். இசைகூட இல்லை. ஒருத்தன் இடுப்பளவுத் தண்ணீரில் கடப்பாரையை ஓங்கி ஓங்கி அடிக்கிறான். பின்னால் கூட்டம் பேசாமல் நிற்கிறது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம், தண்ணீர், அவன் மூச்சு. ஷட்டர் பெயர்ந்ததும் முன் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அண்ணன் தொப்பியைக் கழற்றினான். "இப்படித்தான்டி இருந்துச்சு."

அடுத்த காட்சியிலேயே அந்த ஆள் செயின் வாங்கிக்கொண்டு பால்பவுடர் விற்கிறான். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா வீட்டுக்காரரிடம் கேட்டார், "நல்லாத்தானே இருந்தான், இப்ப ஏன் திடீர்னு கெட்டவனாயிட்டான்?" அண்ணன் குனிந்து அந்த அம்மாவிடம், "எனக்கும் அதாங்க புரியல" என்றான்.

ஏப்ரல் 7

ஏஜென்ட் போன். பூகம்பப் படமாம், நான்தான் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் அலையட்டும்.

ஏப்ரல் 11

காலையில் பரணில் உருட்டுகிற சத்தம். அண்ணன் சாக்கைப் பிரித்து, கடப்பாரையைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "மூணாம் நம்பர் லிஃப்ட் கதவு அடிக்கடி மாட்டுது, வெச்சிருந்தா உதவும்" என்றான். தோளில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்து போனான், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று.

சாயந்திரம் அதோடு திரும்பி வந்ததும் கேட்டேன், அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று.

"தலைமை நர்ஸம்மா கேட்டாங்க. ‘என்னங்க, சினிமால வர்றவன் மாதிரி வந்து நிக்கிறீங்க?’ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அவன்தான் என்னை மாதிரின்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சர்க்கரை வார்டுல உக்கார வெச்சு முழுக் கதையும் கேட்டாங்க. டீ குடுத்தாங்க. நீ போடறத விட நல்லாருந்துச்சு."

கடப்பாரை இப்போது வாசல் கதவுக்குப் பக்கத்தில், மாட்டியிருக்கும் குடைக்குக் கீழே நிற்கிறது.