பந்தை எறிந்தது நீயா, நானா

போன செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சாமான் கடையில் நின்று ஒரு தோல் கையுறையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போனது நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்க. முழங்கால் வலிக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஷூவைப் போட்டுப் பார்க்கக் குனிந்தபோது பக்கத்துத் தட்டிலிருந்து எண்ணெய் ஊறிய தோலின் வாசனை வந்தது. எழுந்து போய் எடுத்தேன், மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, அது சாஃப்ட்பால் கிளவுஸுங்க. பேத்திக்குங்களா?"

"இல்லீங்க, எனக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், "சைஸ் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்துக் கடையையே ரெண்டாக்கியிருப்பாய். நான் கையுறையை வைத்துவிட்டு, ஷூவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் நம்பர் இன்னும் என் செல்போனில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்பதுதான் பிடிபடவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. உனக்குத் தெரிந்த கதையும் எனக்குத் தெரிந்த கதையும் ஒன்றில்லை என்று ஆகிவிட்டதே.

நமக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னால் தொழிலாளர் வீடுகள். அதை லைன் என்போம். லைனுக்கும் மில் சுவருக்கும் நடுவே மைதானம். பொங்கல் முடிந்த கையோடு அங்கே ஒரு வேன் வந்து நிற்கும். வடக்கே எங்கிருந்தோ வரும் இரண்டு பெண்கள் அணிகள், இரண்டும் ஒரே வேனில். ஒரு அணிக்குச் சிவப்புச் சட்டை, இன்னொன்றுக்கு நீலம். ஊர் ஊராகப் போய்த் தங்களுக்குள்ளேயே காட்சிப் போட்டி ஆடுவார்கள். நேற்றுக் காரமடை, இன்று நம் மில், நாளைக்கு அந்தியூர். "இன்னைக்குச் செவப்பு ஜெயிச்சா நாளைக்கு நீலம் ஜெயிக்கும், எல்லாம் பேசி வெச்சதுதான்" என்று உன் அண்ணன் சொன்னதற்கு நீ அவனை அடிக்கப் போனாய்.

அந்த சாஃப்ட்பால் ஆட்டம் யாருக்கும் புரியவில்லை, அதுதான் உண்மை. ஸ்டம்ப் கிடையாது. நாலு மூலையில் நாலு சாக்கு, உள்ளே மில்லின் கழிவுப் பஞ்சை அடைத்திருந்தார்கள். பந்து சாத்துக்குடியை விடப் பெரிது. அதைக் கையைத் தாழ வீசி எறிந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் சுவரோரம் நின்று சண்டை போட்டார்கள். "புடிக்கவே இல்ல, அப்பறம் எப்புடீங்க அவுட்டு?" என்று ஒருவர் கேட்டால், "சாக்க மிதிச்சுட்டாங்கல்ல, அதான்" என்று இன்னொருவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரிச் சொல்வார். என் அம்மா அரைக்கால் சட்டையைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைங்களப் பெத்தவிய எப்புடித்தான் அனுப்புனாங்களோ" என்றாள். சொல்லிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் பார்க்க வந்த பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு நாலு பந்து போடுவது அவர்கள் வழக்கம். இரண்டாம் வருடம் நான் ஒரு பந்தை அடித்துவிட்டேன். அடித்தால் எதிரே ஓட வேண்டும் என்பதுதானே நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கிரிக்கெட். பக்கத்து மூலைச் சாக்குக்கு ஓடாமல், மட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பந்து போட்ட அக்காவைப் பார்த்து ஓடினேன். அவர் அலறிக்கொண்டு விலகினார். அதை வைத்து நீ என்னை விட்டாயா? என் கல்யாணத்தன்று மேடையேறி, மாப்பிள்ளையிடம் "மட்டையோட வருவா, பாத்து ஒதுங்கிக்குங்க" என்று சொன்னவள்தானே நீ. மனிதர் சாகும் வரை அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருடம்தான் விஷயம். அதற்கு முந்தின தீபாவளிக்கு மில் ஸ்டோரில் பச்சையில் மஞ்சள் பூப்போட்ட துணி வந்திருந்தது. வரிசையில் கடைசியாக நின்றவர்கள் உன் அப்பாவும் என் அப்பாவும். மிச்சமிருந்த துண்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொண்டுவந்தார்கள். ஒரே தையல்காரர், ஒரே அளவு. லைனில் அந்தப் பாவாடை உனக்கும் எனக்கும் மட்டும்தான். ஆட்டத்தன்று இரண்டு பேரும் அதைத்தான் கட்டியிருந்தோம்.

சிவப்புச் சட்டைக்காரி அடித்த பந்து எங்கேயோ போய் ஆமணக்குச் செடிகளுக்குள் விழுந்தது. நாம் இரண்டு பேரும் ஓடினோம். நம்மில் ஒருத்தி பந்தை எடுத்து அங்கிருந்தே எறிந்தாள். அது எல்லார் தலைக்கும் மேலே போய், அந்தக் கோடியில் பந்து பிடிக்க முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தவளின் கையுறைக்குள் நேராக விழுந்தது. அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு நம் பக்கம் பார்த்தாள். விசில் வைத்திருந்த டீச்சர், அந்த அணிகளைக் கூட்டி வந்தவர், நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இதுவரை உனக்கும் எனக்கும் ஒரே கதைதான். எறிந்தது யார் என்பதில்தான் தகராறு.

என் கண்ணில் நிற்பது இது: நீ பாவாடையை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருக்கிறாய். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். எறிந்த கை அப்படியே காற்றில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் குழாயடியில் நான் வீட்டுக் கவுனோடு நின்றேன். மில்லில் வருகை எழுதும் டைம் ஆபீஸ் மாமா சைக்கிளை நிறுத்தினார். "ஏ அம்மணி, உங்க லைன்ல பச்சையில பூப்போட்ட பாவாடை கட்டுன புள்ள ஒண்ணு இருக்குதே, பந்த எறிஞ்சுதே, அதும்பட அப்பனைக் காலையில எட்டு மணிக்கு அதயும் கூட்டிட்டு மில் கேட்டுக்கு வரச்சொல்லிப்போடு கண்ணு. அந்த டீச்சரம்மா மெட்ராசு ஹாஸ்டல்ல சேத்துப் படிக்க வெக்கறாங்களாமா. மறந்துறாதே." சரிங்க மாமா என்றேன். குடத்தை நிரப்பினேன். உன் வீட்டைத் தாண்டித்தான் என் வீடு. தாண்டிப் போனேன்.

பொறாமை என்று சொன்னால் எளிதாக முடிந்துவிடும். பொறாமை கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் நீ வேனில் ஏறிப் போய்விட்டால் பள்ளிக்கூடத்துக்கு யாரோடு போவேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. பதினொரு வயதில் அது ஒரு காரணமா என்று கேட்டால், அதைத் தவிர வேறு காரணமே கிடையாது.

மறுநாள் காலை உன்னை மில் கேட்டுப் பக்கம் விடாமல் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "ஏ புள்ள, இன்னைக்கு ஏரிப் பக்கமாப் போலாமா?" என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நடுவழியில் வேன் ஹாரன் அடிப்பது தூரத்தில் கேட்டது. நீ திடீரென்று சத்தமாகப் பாட ஆரம்பித்தாய். நானும் உன்னைவிடச் சத்தமாகப் பாடினேன். பள்ளிக்கூடத்துக்கு லேட். இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். அடுத்த வருடம் அந்த வேன் வரவில்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு நீ காரமடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். மாமியார் வீடு, கறிவேப்பிலைத் தோட்டம், விடிந்தால் ஆட்களுக்குச் சோறு. ஒவ்வொரு தடவை உன் தேய்ந்த கைகளைப் பார்க்கும்போதும் நினைப்பேன், இந்தக் கை எங்கே இருக்க வேண்டியது, நான்தானே கெடுத்தேன் என்று. உன் மகளை என் வீட்டில் வைத்து மூன்று வருடம் காலேஜுக்கு அனுப்பினேன். உன் வீட்டுக்காரர், "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

நீயும் எனக்குச் செய்தாய். என் பிரசவத்துக்கு, தோட்டத்தை விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் இருந்தாய். என் வீட்டுக்காரர் போனபோது காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும், நான் ஒரு வாய் சாப்பிடும் வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாய். அதையெல்லாம் உன் குணம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்தாய்.

"ஏம் புள்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ரொம்ப நாளாத் தொண்டையில நிக்குது."

"சொல்லு."

"அந்தப் பந்து வெளையாட்டுக்காரிங்க உன்னையக் கூப்புட்டாங்க. உங்கப்பனோட கேட்டுக்கு வரச்சொல்லி டைமாபீஸ் மாமா எங்கிட்டச் சொன்னாரு. நான் புளி வாங்கப் போனப்ப. உங்கிட்டச் சொல்லாம முழுங்கிப்போட்டேன்."

"என்னையா?" என்றேன்.

"பின்ன? எறிஞ்சது நீதான. பாவாடையத் தூக்கிச் செருகீட்டு, நாக்கக் கடிச்சுட்டு. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது. என்னைய உட்டுப்போட்டுப் போயிருவீன்னு பயந்துபோட்டேன் புள்ள. நீ போயிருந்தா இன்னைக்கு எங்கியோ இருப்ப. இப்புடித் தபாலாபீசுல முத்திரை குத்தீட்டு இருந்திருக்க மாட்ட." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய். "கோவமா?"

மாமா என்ன செய்திருப்பார் என்று இப்போது புரிகிறது. ஒருத்தியிடம் சொன்னால் மறந்துபோவாள் என்று வழியில் பார்த்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பாவாடையை மாற்றியிருந்ததால் அந்தப் பச்சைப் பாவாடைக்காரிகளே நாம்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஏரிப் பக்கம் போகலாம் என்று நீ ஏன் சொன்னாய், ஏன் அவ்வளவு சத்தமாகப் பாடினாய் என்பதும் புரிகிறது. மற்ற எதுவும்தான் புரியவில்லை.

உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோது உன் அண்ணனிடம் கேட்டேன், அன்று பந்தை எறிந்தது யார் என்று. "அது வாலிபால் டீமுதான அம்மணி?" என்றார். ஒரு நாள் மொட்டை மாடியில் ஏறி நின்று ஒரு உருளைக்கிழங்கை எறிந்து பார்த்தேன். அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? எறிந்தது நானாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ சொன்னது சரியென்றால், எனக்கு வந்த அழைப்பை நானே உன்னுடையது என்று நினைத்து ஒளித்துவைத்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது சரியென்றால், உன் வாழ்க்கையைத் திருடியவளிடம் நீ சாகப்போகும்போது மன்னிப்புக் கேட்டாய். உன் மகளுக்கு நான் போட்ட சோறும், எனக்கு நீ செய்த பிரசவமும் பாசமா, குற்றமா என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அதுவும் சரியாகப் படாது.

நடந்தவற்றில் ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். நீ "கோவமா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான், "ஏ லூசு, எங்கிட்டயுந்தான் சொன்னாரு, நானுந்தான் முழுங்குனேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நீ எப்படிச் சிரித்திருப்பாய்! ஆனால் நான் சொல்லவில்லை. அத்தனை வருடமாக உனக்குக் கெடுதல் செய்தவளாக இருந்துவிட்டு, திடீரென்று கெடுதல் செய்யப்பட்டவளாக நீ என்னை உட்கார வைத்ததும், அந்த இடம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. "அதெல்லாம் போச்சாது, உடு புள்ள. நான் ஒண்ணும் நெனைக்கல" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. நீ என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாய். அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாய். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் மன்னித்துவிட்டு, கேன்டீனுக்குப் போய்க் காப்பி குடித்தேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் உன்னை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வாயை அசைத்துப் பார்த்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

எறிந்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்தச் சாயங்காலம் நானும் சொல்லாமல் உன் வாசலைத் தாண்டிப் போனேன் புள்ள. இதை நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். கோவமா? நீ கேட்டபோது பதில் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன், பொய்யாவது சொன்னேன். எனக்கு அந்தப் பொய்யைச் சொல்லக்கூட நீ இல்லை.